தந்தையும் அரசனும்: சிங்கப்பூர்ச் சட்டத்தில் கன்பூசியஸ்



கன்பூசியஸ் வகுத்த அறநெறி நம் நாட்டுச் சட்டத்தில் எந்த அளவுக்குக் கலந்திருக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சீனத் தத்துவத்தைப் பற்றித் தேக்காவில் கூடியிருக்கும் தமிழர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு. இந்தியர்கள் 9 விழுக்காடு. அந்த ஒன்பதில் தமிழர்கள் பாதிக்குச் சற்று மேல். பெரும்பான்மையினரின் அறநெறி எங்கே முடிகிறது, எல்லாருக்கும் பொதுவான சட்டம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி சிறுபான்மையினருக்குப் பொழுதுபோக்கு அல்ல. அது நம் அன்றாட வாழ்க்கையைத் தொடும் கேள்வி.

இரண்டு கதைகளிலிருந்து தொடங்குகிறேன்.

கி.மு. 551-இலிருந்து 479 வரை வாழ்ந்த கன்பூசியஸிடம் ஓர் ஆட்சியாளர் பெருமையோடு ஒரு செய்தி சொன்னார். தம் நாட்டில் ஒருவன் அவ்வளவு நேர்மையானவன். தந்தை ஆடு திருடியபோது அவனே முன்வந்து சாட்சி சொன்னான் என்றார். கன்பூசியஸ் அதைப் பாராட்டவில்லை. எங்கள் ஊரில் தந்தை மகனை மறைப்பார், மகன் தந்தையை மறைப்பான், நேர்மை அதற்குள்தான் இருக்கிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக அவருடைய உரையாடல் நூல் சொல்கிறது.

மற்றொரு கதை நம்முடையது. திருவாரூரில் சோழன் மகன் ஏறிச் சென்ற தேர்ச்சக்கரத்தில் கன்று ஒன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் பாடிய இந்த மனுநீதிச் சோழனுக்குத் திருவாரூர்க் கோயிலருகே கல்தேர் நிற்கிறது. இதே போன்ற நிகழ்ச்சியை அநுராதபுரத்தில் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன்மேல் ஏற்றி இலங்கையின் மகாவம்சமும் சொல்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நேர் எதிரானவை. அங்கே உறவு சட்டத்தை மிஞ்சுகிறது, இங்கே சட்டம் உறவை மிஞ்சுகிறது. ஆனால் கூர்ந்து பாருங்கள். சீனக் கதை மகன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. சோழன் கதை அரசன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. வீட்டுக்குள் இருக்கும் மகன் மௌனமாக இருக்கலாம். அரியணையில் அமர்ந்தவனுக்கு அந்த உரிமை இல்லை. என் பேச்சின் மையம் இதுதான்: குடும்பத்துக்குள் கன்பூசியஸின் நெறி நமக்கும் உகந்ததே. அரசே தன்னைத் தந்தையாகக் கருதத் தொடங்கும் இடத்தில்தான் நாம் சோழனை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். சிங்கப்பூர்ச் சட்டம் சீனச் சட்டம் அல்ல. அது வந்த வழி லண்டனும் கல்கத்தாவும். 1826-இல் வழங்கப்பட்ட இரண்டாவது நீதி சாசனத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் இங்கே காலூன்றியது. 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைந்து 1860-இல் இந்தியாவில் சட்டமான தண்டனைத் தொகுப்பைப் பின்பற்றி எழுதப்பட்டதே நம் தண்டனைச் சட்டம். அது 1872-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதிய சட்டத் தொகுப்பு வந்ததால் கொலைக்கு 103, ஏமாற்றுக்கு 318 என்று பிரிவு எண்கள் மாறிவிட்டன. தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட 302, 420 ஆகிய எண்கள் சிங்கப்பூரில் இன்றும் அதே குற்றங்களுக்கு உயிரோடு இருக்கின்றன.

சீன வழக்கம் நம் நீதிமன்றங்களில் நேரடியாகச் சட்டமாக ஆண்ட காலமும் ஒன்று உண்டு. ஆங்கிலேய நீதிபதிகள் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஆறு விதவைகள் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் 1908-ஆம் ஆண்டு வழக்கு அதற்குப் புகழ்பெற்ற சான்று. சூ எங் சூன் என்ற செல்வந்தர் இறந்தபின் ஆறு பெண்கள் தங்களை அவருடைய மனைவியர் என்று கூறிச் சொத்தில் பங்கு கேட்டார்கள். சீனர்களின் பலதார மணத்தை நீதிமன்றம் ஏற்றது. தலைமனைவி, துணைமனைவி என்ற படிநிலை கன்பூசியக் குடும்ப அமைப்போடு சேர்ந்தது. அது இங்கே நீதிபதியின் தீர்ப்பில் ஏறியது. இந்துக்களிடமும் பலதார மணம் அப்போது சட்டப்படி செல்லும்.

அந்த அமைப்பை உடைத்தது யார் என்பது முக்கியம். 1952-இல் அமைந்த சிங்கப்பூர் மாதர் மன்றமும், அதன் முன்னணியில் நின்ற, பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்தாரும், சட்டமன்றத்தில் குரல் கொடுத்த சான் சோய் சியோங் போன்ற பெண்களும் ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற கோரிக்கையை விடாமல் எழுப்பினார்கள். 1961-இல் மாதர் சாசனம் வந்தது. முஸ்லிம் அல்லாத அனைவருக்கும் பலதார மணம் முடிவுக்கு வந்தது. கணவனும் மனைவியும் சமம் என்று சட்டம் சொன்னது. கன்பூசியக் குடும்ப முறையில் பெண்ணுக்கு மிகவும் கேடு செய்த பகுதியைச் சிங்கப்பூர் சுதந்திரத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஒதுக்கிவிட்டது. இதைச் சீனப் பெண்களும் இந்தியப் பெண்களும் சேர்ந்து சாதித்தார்கள். கன்பூசிய நெறி மாறாத ஒன்று, அதைக் கேள்வி கேட்பது பண்பாட்டுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

அந்த நெறியை அரசு மீண்டும் கையில் எடுத்தது 1980-களில். மேலைநாட்டுத் தனிமனிதப் போக்கு இளைஞர்களை அடித்துச் சென்றுவிடும் என்ற அச்சம் அன்றைய தலைவர்களுக்கு இருந்தது. கோ கெங் சுவீ கல்வி அமைச்சராக இருந்தபோது டு வெய்-மிங், யு யிங்-ஷி முதலிய வெளிநாட்டு அறிஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 1984 முதல் உயர்நிலை மூன்று, நான்காம் வகுப்புகளில் சமய அறிவு கட்டாயப் பாடமானது. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம் ஆகியவற்றோடு கன்பூசிய அறநெறியும் ஒரு தெரிவு. சீன மாணவர்கள் அதன் பக்கம் திரள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பௌத்தமும் விவிலியமுமே அதிக மாணவர்களை ஈர்த்தன. கட்டாயப் பாடத்தைக் கைவிடும் முடிவை 1989-இல் அரசு அறிவித்தது. சீனக் குடும்பங்களே கன்பூசியஸைப் பாடநூலிலிருந்து கற்க முன்வரவில்லை என்பது இந்த நாட்டு மக்களின் மனப்பக்குவத்தைக் காட்டுகிறது.

அடுத்த முயற்சி 1991 ஜனவரியில் வந்த பொது விழுமியங்கள் பற்றிய வெள்ளை அறிக்கை. சமூகத்தைவிட நாடு முதன்மை, தன்னைவிடச் சமுதாயம் முதன்மை என்பது முதல் விழுமியம். சமுதாயத்தின் அடிப்படை குடும்பம் என்பது இரண்டாவது. தனிமனிதருக்கு மதிப்பும் சமூக ஆதரவும் மூன்றாவது. மோதலுக்கு மாறாக இணக்கம் நான்காவது. இன, சமய நல்லிணக்கம் ஐந்தாவது. இவை கன்பூசிய நெறியைச் சிறுபான்மையினர்மேல் திணிக்கும் மறைமுக வழியா என்ற ஐயம் மலாய், இந்தியச் சமூகங்களில் அப்போதே எழுந்தது. அறிக்கையே அந்த ஐயத்தை எடுத்துப் பேசி மறுத்தது. இந்த ஐந்தும் சட்டம் அல்ல. நீதிமன்றத்தில் வழக்காட முடியாதவை. ஆனால் சட்டம் இயற்றுவோர் எந்தத் திசையில் சிந்தித்தார்கள் என்பதை அவை காட்டின. குடும்பம், இணக்கம், ஆள்வோர்மேல் நம்பிக்கை என்ற மூன்று துறைகளில் அந்தச் சிந்தனை சட்டத்தோடு எப்படிச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது குடும்பம். 1994-இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் வூன், பெற்றோர் பராமரிப்பு மசோதாவைத் தாக்கல் செய்தார். 1995 நவம்பரில் அது நிறைவேறியது. அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, சுதந்திரச் சிங்கப்பூரில் பொதுச் சட்டமானது அதுவே முதல் முறை. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத, 60 வயதை எட்டிய பெற்றோர் தம் பிள்ளைகளிடம் மாதத் தொகையோ ஒட்டுமொத்தத் தொகையோ கேட்டு நடுவர் மன்றத்தை நாடலாம். பெற்றோரின் தேவையையும் பிள்ளைகளின் வசதியையும் சீர்தூக்கிப் பார்த்து மன்றம் தொகையை முடிவு செய்யும்.

இது கன்பூசியச் சட்டமா? பெற்றோரைப் பேணுதல் கன்பூசியஸ் நெறியின் வேர் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்து 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டமே ஏழைப் பெற்றோரைப் பிள்ளைகள் காக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இந்தியாவில் 1956-இன் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டமும் 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும் அதையே செய்தன. மணமான மகளுக்கும் இந்தக் கடமை உண்டு என்று 1987-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007-இல் தனிச் சட்டமே வந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு முதியவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பக் கேட்கவும் அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஔவையின் கொன்றை வேந்தனைத் திண்ணைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த சமூகத்துக்கு இந்தக் கடமையைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. பெற்றோர் அந்தப் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், கொடுமைப்படுத்தியிருந்தால், கவனிக்காமல் விட்டிருந்தால், மன்றம் தொகையைக் குறைக்கலாம், அல்லது மனுவையே தள்ளலாம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மேலும் கூர்மையாக்கியது. பிள்ளையைத் துன்புறுத்தியதாகவோ கைவிட்டதாகவோ பதிவுள்ள பெற்றோர், மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பே மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பழைய சீனத்தில் கி.பி. 653-இன் தாங் வமிசத்துச் சட்டத் தொகுப்பு, பெற்றோர்மீது புகார் கொடுப்பதையே பெருங்குற்றமாக வைத்திருந்தது. அங்கே கடமை மகனுக்கு மட்டும். இங்கே கடமை இரு பக்கமும் ஓடுகிறது. தந்தையாக நடந்துகொண்டாயா என்று சட்டம் தந்தையையும் கேட்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஜப்பான் சான்று. பெற்றோரைக் கொல்வதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை மட்டுமே என்று அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு விதித்திருந்தது. பெற்ற தந்தையின் பாலியல் கொடுமையை ஆண்டுக்கணக்கில் அனுபவித்த ஒரு பெண், கடைசியில் அவரைக் கொன்றுவிட்ட வழக்கில், 1973 ஏப்ரலில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு முரணானது என்று செல்லாததாக்கியது. தென்கொரியாவிலும் ஆணே குடும்பத் தலைவர் என்று பதிவேட்டில் எழுதிய முறையை 2005-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சாசனத்துக்கு ஒவ்வாதது என்றது. 2008-இல் அது மறைந்தது. கன்பூசிய மரபு ஆழமாக ஊன்றிய நாடுகளே தம் நீதிமன்றங்களின் வழியாக அதன் கூரிய முனைகளை மழுக்கியிருக்கின்றன.

சட்டத்தால் எட்ட முடியாத எல்லையும் இங்கே உண்டு. சீனாவில் 2013 ஜூலை முதல், பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்று முதியோர் சட்டம் சொல்கிறது. அது நடப்புக்கு வந்த அன்றே வூசி நகர நீதிமன்றம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தாயைப் போய்ப் பார்க்கும்படி ஒரு மகளுக்கு உத்தரவிட்டது. மனமில்லாமல் வந்து நிற்கும் மகளால் தாய்க்கு என்ன ஆறுதல்? கன்பூசியஸே இதற்கு விடை சொல்லியிருக்கிறார். சோறு போடுவது மட்டும் பெற்றோரைப் பேணுதல் ஆகாது, நாய்க்கும் குதிரைக்கும்கூடத் தீனி போடுகிறோம், மரியாதை இல்லையென்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பது அவருடைய கருத்து. நடுவர் மன்றத்தால் சோற்றைப் பெற்றுத் தர முடியும். மரியாதையைப் பெற்றுத் தர முடியாது. அதனால்தான் சிங்கப்பூர் ஊக்கமூட்டும் வழிகளையும் கையாள்கிறது. பெற்றோரோடு வசித்து அவர்களைப் பராமரிப்பவருக்கு 9,000 வெள்ளி வரிக் கழிவு, தனியே வசித்துப் பராமரிப்பவருக்கு 5,500 வெள்ளி. பெற்றோருக்கு அருகில் மறுவிற்பனை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்குவோருக்கு 2015 முதல் மானியமும் உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தை அரசு குறைக்கலாம். மீதியைப் பிள்ளைகளே குறைக்க வேண்டும்.

இரண்டாவது இணக்கம். வழக்குகளைக் கேட்பதில் நானும் மற்றவர்களைப் போன்றவன்தான், ஆனால் வழக்கே எழாத நிலையை உருவாக்குவதே வேண்டியது என்பது கன்பூசியஸின் நிலை. காலனிக் காலச் சிங்கப்பூரில் சீனக் குலச் சங்கங்களின் பெரியவர்கள் பிணக்குகளைத் தீர்த்தார்கள். 1877-இல் சீனர் காப்பாளராக அமர்ந்த வில்லியம் பிக்கரிங்கும் அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். நம் பக்கத்திலும் குறைவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், தங்களுக்குள் எழுந்த கொடுக்கல் வாங்கல் தகராறுகளைத் தேங்க் ரோட்டு முருகன் கோயிலில் கூடிப் பேசித் தீர்த்தார்கள். இலங்கையில் 1988-இன் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இன்றும் தமிழ்க் கிராமங்களில் இயங்குகின்றன. சமரசம் எந்த ஓர் இனத்தின் சொத்தும் அல்ல.

நவீனச் சிங்கப்பூர் அதை நிறுவனமாக்கியது. 1994-இல் கீழ் நீதிமன்றங்களில் சமரச முறை வந்தது. 1997-இல் சிங்கப்பூர்ச் சமரச நிலையம் தொடங்கியது. அதே ஆண்டின் சட்டப்படி 1998 முதல் அக்கம்பக்கத்தார் தகராறுகளுக்குச் சமூக சமரச நிலையங்கள் வந்தன. 2019 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, சமரச உடன்பாடுகளை நாடு கடந்து செயல்படுத்துவதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா, சீனா, அமெரிக்கா உள்ளிட்ட 46 நாடுகள் இங்கேதான் கையெழுத்திட்டன. அது சிங்கப்பூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இணக்கத்தின் மறுபக்கத்தை நமக்குக் காட்டியது கறி. 2011 ஆகஸ்டில் வெளியான ஒரு செய்தி, சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சமரசத்தைப் பற்றிச் சொன்னது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்கு அடுத்த வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் மணம் பிடிக்கவில்லை. சமரச நிலையத்தில் பேசி, அண்டை வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அந்தச் சீனக் குடும்பம் கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டது. செய்தி வெளிவந்ததும் நாடே கொதித்தது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி எல்லாரும் கறி சமைப்போம் என்று இணையத்தில் எழுந்த அழைப்புக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தார்கள். அவர்களில் சீனரும் மலாய்க்காரரும் ஏராளம். உடன்பாடு சமரசரின் ஆணை அல்ல, இரு தரப்பும் தாமே கண்ட தீர்வு என்று சட்ட அமைச்சர் கா. சண்முகம் விளக்கினார்.

அந்த விளக்கம் சரியானதே. அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மையையும் நான் மதிக்கிறேன். இருந்தாலும் மக்கள் ஏன் கொதித்தார்கள் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். தன் வீட்டு அடுப்பில் தன் உணவைச் சமைப்பது பேரம் பேசும் பொருளா என்பதே அவர்களுடைய கேள்வி. எண்ணிக்கையில் சிறியவர்கள், சண்டை வேண்டாம் என்று பழகியவர்கள், ஒவ்வொரு முறையும் தாமே விட்டுக்கொடுத்தால் இணக்கம் என்ற பெயரில் உரிமை தேய்ந்துபோகும். இணக்கம் நல்லது, ஆனால் அதற்குப் பின்னால் திறந்த ஒரு நீதிமன்றக் கதவு இருந்தாக வேண்டும். அண்டை வீட்டுத் தகராறுகளுக்கென்றே 2015-இல் அமைந்த சமூகத் தகராறு நடுவர் மன்றங்கள் அந்தக் கதவைத் திறந்தன. சமரசம் கைகூடாதபோது தீர்ப்பு கேட்கலாம் என்ற நிலை, சமரச மேசையில் அமரும் எளியவருக்கும் முதுகெலும்பைத் தருகிறது.

மூன்றாவது, ஆள்வோர்மேல் நம்பிக்கை. இதில்தான் எனக்கு மிகுந்த அக்கறை. 1991 வெள்ளை அறிக்கையில் ஒரு பத்தி, மக்களுக்கு நன்மை செய்யும் கடமை உணர்ந்த சான்றோர் ஆட்சி என்ற கன்பூசியக் கருத்து நமக்குப் பொருந்துகிறது என்றது. அரசுக்குக் குறைந்த அதிகாரம் கொடுத்து எப்போதும் ஐயத்தோடு பார்க்கும் மேலைக் கருத்தைவிட அது மேல் என்றும் சொன்னது. 1994-இல் லீ குவான் இயூ ஓர் அமெரிக்க இதழுக்கு அளித்த பேட்டியில் ஆசியச் சமூகத்தின் அடிப்படை குடும்பம் என்று வலியுறுத்தியபோது, அதே ஆண்டு அதே இதழில் தென்கொரியாவின் கிம் டே-ஜுங் மறுப்பு எழுதினார். கொடுங்கோலனை நீக்க மக்களுக்கு உரிமை உண்டு என்ற கருத்தைக் கன்பூசிய மரபின் மென்சியஸே சொல்லியிருக்கிறார் என்பது அவர் வாதம். மூன்றாண்டு கழித்து அமர்த்திய சென், அசோகரையும் அக்பரையும் எடுத்துக்காட்டி, ஆசியா என்றால் கட்டுப்பாடு மட்டுமே என்ற எண்ணத்தை மறுத்தார். அவர்களோடு திருவாரூர்ச் சோழனையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

சிங்கப்பூரின் செயல் அதன் சொல்லைவிடச் சிறப்பானது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். சான்றோரை நம்புவோம் என்று அறிக்கை சொன்ன அதே 1991 ஜனவரியில்தான், மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர் முறைக்கான சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்டின் சேமிப்புக்கு இரண்டாம் சாவி அதிபரிடம் என்று ஏற்பாடு செய்தது. ஆள்வோர் நல்லவராகவே இருப்பார் என்ற நம்பிக்கையைச் சட்டம் அங்கே போதுமானதாகக் கொள்ளவில்லை.

2024-இல் அதைவிடக் கடுமையான சோதனை வந்தது. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன், தமிழ்ச் சமூகம் பெருமையோடு பார்த்தவர், செப்டம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொதுப் பணியில் இருப்பவர் தம் பணியோடு தொடர்புள்ளவரிடமிருந்து மதிப்புள்ள பொருள் பெறுவதைத் தடுக்கும் தண்டனைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவின்கீழ் நான்கு குற்றச்சாட்டுகள், நீதிக்கு இடையூறு செய்ததாக ஒன்று. அரசுத் தரப்பு ஆறு முதல் ஏழு மாதச் சிறை கேட்டது. நீதிபதி 12 மாதம் விதித்தார். நம்மில் பலருக்கு அது வேதனையான நாள். ஆனால் அந்த நாளில் நீதிமன்றம் அவரை யாருடைய மகனாகவும் பார்க்கவில்லை, எந்தக் கட்சியின் குடும்ப உறுப்பினராகவும் பார்க்கவில்லை. ஆராய்ச்சி மணி இந்நாட்டில் வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று.

கடைசியாக, இந்தத் தேக்காப் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. அரசனும் குடிமகனும், தந்தையும் மகனும், கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும், நண்பனும் நண்பனும் என்று ஐந்து உறவுகளைக் கன்பூசிய மரபு போற்றுகிறது. அந்த ஐந்திலும் முன்பின் தெரியாத மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் நிறைந்திருப்பவர்களோ அப்படிப்பட்ட மனிதர்கள்தாம். புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்த இளைஞர்களுக்கு இங்கே பெற்றோர் இல்லை, வாக்குரிமை இல்லை, நிரந்தர வீடு இல்லை. நாடே ஒரு குடும்பம் என்ற உவமையில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு இங்கே நடந்த கலவரம் அந்தக் கேள்வியை எழுப்பியது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு பொதுமக்கள் முன்னிலையில் சாட்சிகளைக் கேட்டு 2014-இல் அறிக்கை தந்தது. அது பாராட்டத்தக்க வழி. கலவரத்தில் ஈடுபட்டதாக 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுக்கு நீதிமன்றம் கிடைத்தது. 57 பேர் வழக்கு விசாரணையின்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அமைதியைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. ஆயினும் ஒருவரை அனுப்பும் முன் அவர் பக்கத்தையும் நடுநிலையான ஒரு மன்றம் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உறவில்லாதவருக்குச் சட்டம் ஒன்றே துணை.

சம்பளம் கிடைக்காத தொழிலாளருக்கு 2017 முதல் வழி இருக்கிறது. முதலில் முத்தரப்பு அமைப்பின் சமரசம், அது முடியாவிட்டால் வேலைவாய்ப்பு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கோரலாம், தொழிற்சங்கத்தின் உதவியோடு சென்றால் 30,000 வெள்ளி வரை. இணக்கம் முன்னே, தீர்ப்பு பின்னே என்ற இந்த அமைப்பு, நான் மேலே சொன்ன நல்ல வடிவத்தின் சான்று. கோரும் உரிமை தம்மிடம் இருப்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தால்தான் அது பயன் தரும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கன்பூசியஸ் இந்த நாட்டுச் சட்டத்தை எழுதவில்லை. பெற்றோரைப் பேணு, பேசித் தீர்த்துக்கொள் என்று அவர் சொன்ன இரண்டும் நம் முன்னோரும் சொன்னவை. அவற்றை அயல் நெறியாக எண்ணி ஒதுங்க வேண்டாம். ஆள்வோரைத் தந்தையாகக் கருது என்ற மூன்றாவதை மட்டும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அரசனாக அமர்ந்தவன் தந்தையாக இருப்பதைக் கைவிட வேண்டும் என்று சொன்ன கதை நம்மிடம் உள்ளது. அதைச் சிங்கப்பூரின் பொதுச் சிந்தனைக்கு நம் பங்காகக் கொடுப்போம்.

இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தகுதி பெற்றதும் மாதத்தில் ஒரு மாலையை இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒதுக்குங்கள். தமிழில் பேசுங்கள். பிள்ளைகள்மேல் மனுக் கொடுப்பது குடும்ப மானத்துக்குக் கேடு என்று பட்டினி கிடக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும், முதல் படி சமரசப் பேச்சுத்தான், கேட்பதில் வெட்கம் இல்லை என்று சொல்லுங்கள். சம்பளம் நின்றுபோன தொழிலாளியிடம் எந்த மன்றத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உறவு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் சட்டம் ஒன்றாகவே கேட்கும் என்ற நம்பிக்கையை இந்தத் தெருவில் விதைக்கும் பொறுப்பு உங்களுடையது.